சொல் காத்த மேடை: அவ்வை தி. க. சண்முகத்தின் நாடக வாழ்வும் திரை வாழ்வும்

தோற்றுவாய்

கோட்டக்குப்பத்துக்குத் தெற்கே, புதுவை எல்லைக்குள், கருவடிக்குப்பத்தில் ஒரு சமாதி இருக்கிறது. வடக்கே, மரக்காணம் செல்லும் கடற்கரைச் சாலையில், காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகத்தில் ஒரு நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது. இரண்டும் ஒரே பெயரைத் தாங்கியவை. தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் என்பது அப்பெயர். தமிழ் நாடகத்தின் தலைமையாசிரியர் எனப் போற்றப்படும் அப்பெருமகனார் உறங்கும் இடத்துக்கும், அவர் பெயரால் இளைஞர் நாடகம் பயிலும் இடத்துக்கும் நடுவில் நம் ஊர் அமைந்திருக்கிறது. இயலையும் இசையையும் போற்றிவரும் நம் இலக்கிய வட்டம், தன் பத்தாம் ஆண்டு மலரில் மூன்றாம் தமிழுக்கும் சில பக்கங்களை ஒதுக்குவது முறையேயாகும்.

ஆயினும் இக்கட்டுரையின் தலைவர் சுவாமிகள் அல்லர், அவருடைய மாணவர். 1922 நவம்பர் 13ஆம் நாள் சுவாமிகள் புதுவையில் மறைந்தபோது, அவரிடம் பயின்ற சிறுவர் ஒருவருக்கு வயது பத்து. அச்சிறுவரே பின்னாளில் 'அவ்வை' என்ற அடைமொழி பெற்ற தி. க. சண்முகம். நடிகர், நாடகங்களை இயக்கியவர், குழுத் தலைவர், திரைப்பட நடிகர், நூலாசிரியர் எனப் பல நிலைகளில் விளங்கியவர். மேடைக்கும் வெண்திரைக்கும் இடையே அவர் நடத்திய வாழ்க்கைப் பயணம் கவிஞர்களாகிய நமக்கு ஒரு வினாவை எழுப்புகிறது. மேடையில் ஒலிக்கும் சொல் யாருக்கு உரியது? எழுதியவர்க்கா, நடிப்பவர்க்கா, காண்பவர்க்கா? சண்முகம் தம் வாழ்நாள் முழுவதும் இவ்வினாவுக்கு ஒரே விடையைச் செயலால் சொல்லிவந்தார் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

உப்புக் கணக்கும் பாட்டுக் கணக்கும்

மாணவரை அறிய முதலில் ஆசிரியரை அறிதல் வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் 1867ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். தந்தையார் தாமோதரக் கணக்கப்பிள்ளை தமிழறிந்தவர். மகன் அவரிடமும், பின்னர் வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகளிடமும் பாடம் கேட்டார். வெண்பாவும் கலித்துறையும் சந்தப் பாடல்களும் இளமையிலேயே கைவந்தன.

இளமையில் அவர் பார்த்த வேலை உப்புப் பண்டகசாலையில் கணக்கெழுதும் வேலையாகும். அளந்து வரும் உப்பை அளந்தபடியே ஏட்டில் ஏற்றும் தொழில் அது. உப்பளம் சூழ்ந்த கரையில் வாழும் நமக்கு அத்தொழிலின் கண்டிப்பை விளக்க வேண்டியதில்லை. ஒரு மரக்கால் குறைந்தாலும் கணக்கர் பதில் சொல்ல வேண்டும். பின்னாளில் நாடகப் பாடத்தில் ஒரு சீர் குறைந்தாலும் பொறுக்காத ஆசிரியர், முதலில் அத்தகைய கணக்கில் பழகியவர் என்பது எண்ணத்தக்கது.

1891ஆம் ஆண்டில், தம் இருபத்து நான்காம் வயதில், அவர் கணக்கை விட்டு மேடைக்கு வந்தார். அதே ஆண்டில்தான் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையை நிறுவினார். புதுவையில் பாவேந்தர் பாரதிதாசன் பிறந்ததும் அவ்வாண்டே. சுகுண விலாச சபை படித்தவர்கள் பொழுதுபோக்காக நடிக்கும் பயில்முறைச் சபை. சுவாமிகள் வந்து சேர்ந்ததோ நடிப்பையே பிழைப்பாகக் கொண்டவர்களின் உலகம். அங்கே அவர் இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் முதலிய வேடங்களை ஏற்று அச்சுறுத்தும் நடிப்பால் பெயர் பெற்றார். அவருடைய சனீசுவர வேடத்தைக் கண்ட கருவுற்ற பெண்ணொருத்தி அதிர்ச்சியுற்றாள் என்றும், அதன்பின் அவர் வேடம் புனைவதையே கைவிட்டார் என்றும் நாடகத் துறையில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. காரணம் எதுவாயினும், நடிகர் மறைந்து ஆசிரியர் தோன்றினார் என்பது வரலாறு.

வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, அல்லி அர்ஜுனா, நல்லதங்காள், ஞானசௌந்தரி, பிரகலாதன், அபிமன்யு சுந்தரி என அவர் இயற்றிய நாடகங்கள் பல. இவற்றுள் சில இன்றும் மதுரை, புதுக்கோட்டை வட்டாரத்துத் திருவிழாக்களில் 'ஸ்பெஷல் நாடகம்' என்ற பெயரில் விடிய விடிய நடக்கின்றன. விருத்தமும் வெண்பாவும் கீர்த்தனையும் உரைநடையும் கலந்த அந்நாடகங்களின் வழியே, எழுத்தறியாத மக்களும் யாப்பின் ஓசையைச் செவியால் அறிந்தனர். பாட்டைப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே பரப்பிய பெரும் சாலை அந்த மேடையே எனலாம்.

பாலர் சபை: பெற்றதும் இழந்ததும்

அந்நாளைய மேடையில் ஒரு குறை இருந்தது. பேர்பெற்ற நடிகர்கள் ஆசிரியர் எழுதிய பாடத்துக்குக் கட்டுப்படுவதில்லை. இராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் ஒருவரை ஒருவர் மடக்குவதற்காகத் தர்க்கம் செய்வர். கைதட்டல் கிடைக்கும் வரை பாட்டை நீட்டுவர். பபூன் இடையே புகுந்து கதையை வேறெங்கோ இழுத்துச் செல்வான். இதில் ஓர் உயிர்த்துடிப்பு உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனால் நாடகம் என்னும் முழுமை சிதைந்துபோயிற்று. சுவாமிகள் கண்ட தீர்வு, சிறுவர்களைக் கொண்டு நடத்தும் பாலர் சபை. 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை அவர் தோற்றுவித்தார். சிறுவர்கள் பாடத்தை எழுத்துப் பிசகாமல் நெட்டுருச் செய்வர், கற்பித்தபடியே பேசுவர்.

1912 ஏப்ரல் 26ஆம் நாள் திருவனந்தபுரத்தில் பிறந்த சண்முகம், ஆறு வயதில், தம் உடன்பிறந்தாருடன் அச்சபையில் சேர்ந்தார். தந்தையார் கண்ணுசாமிப் பிள்ளையும் மேடையில் பெண்வேடம் புனைந்தவரே. சண்முகத்துக்காகவே சுவாமிகள் அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஓரிரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகில் பெரிதும் பேசப்படும் செய்தி.

1921இல் சுவாமிகளைப் பக்கவாத நோய் தாக்கியது, பேச்சு போயிற்று. சொல்லையே செல்வமாகக் கொண்ட ஆசிரியர் வாய்பேச இயலாதவராய் இருக்க, அவர் எழுதிய சொற்கள் சிறுவர் வாயில் இரவுதோறும் ஒலித்துக்கொண்டிருந்தன. எழுதியவனின் குரல் அடங்கிய பின்னும் எழுத்து பிசகாமல் ஒலிக்க வேண்டும் என்னும் பாலர் சபையின் கொள்கைக்கு இதைவிடக் கடுமையான சோதனை வேறில்லை. அச்சோதனையை நேரில் கண்டு வளர்ந்தவர் சண்முகம். மறு ஆண்டு புதுவையில் ஆசிரியர் கண்மூடினார். அன்று கருவடிக்குப்பம் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. கோட்டக்குப்பம் ஆங்கிலேயரின் தென்னார்க்காட்டு மாவட்டத்தில் இருந்தது. ஊர் ஊராய்த் திரிந்த தமிழ் நாடகத்தின் ஆசிரியருக்கு, ஓர் அரசின் எல்லையோரத்தில் நிலையான இடம் கிடைத்தது.

பாலர் சபையின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது. கம்பெனி வீட்டில் தங்கி, இரவில் நடித்து, பகலில் பாடம் கேட்ட அச்சிறுவர்களுக்குப் பள்ளிக்கூடம் இல்லை, தாய்மடி இல்லை. அடியும் உதையும் பயிற்சியின் பகுதிகளாகவே கருதப்பட்டன. மகரக்கட்டு உடைந்து குரல் மாறும் பருவத்தில், அதுவரை போற்றப்பட்ட பையன் ஒரே மாதத்தில் வேண்டாதவனாகி விடுவான். புகழ்பெற்ற சிலரை நாம் அறிவோம். குரல் உடைந்ததும் ஊர் திரும்பிய பலரை அறியோம். தமிழ் மேடை சொல்லின் ஒழுங்கைப் பெற்றது. அதற்கான விலையைக் குழந்தைகள் கொடுத்தனர். இரண்டையும் சேர்த்தே நாம் எண்ண வேண்டும்.

சொந்தக் குழுவும் புதிய எழுத்தும்

1925இல் சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி ஆகிய நால்வரும் மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபாவைத் திருவனந்தபுரத்தில் தொடங்கினர். பின்னர் டி. கே. எஸ். சகோதரர்கள் என்றே நாடு அவர்களை அறிந்தது. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன், கே. ஆர். இராமசாமி, எஸ். எஸ். இராஜேந்திரன், ஏ. பி. நாகராஜன் ஆகியோர் அக்குழுவில் வளர்ந்தவர்கள்.

ஆசிரியரிடம் பெற்ற ஒழுங்கைச் சண்முகம் அப்படியே காத்தார். ஆனால் ஆசிரியரின் நாடகங்களோடு நின்றுவிடவில்லை. இதுவே அவருடைய சிறப்பு. எம். கந்தசாமி முதலியார் நாவல்களை நாடகமாக்கிப் பயிற்றுவித்தபோது, புராண மேடையில் வக்கீலும் போலீசும் குடும்பத் தலைவியும் நடமாடத் தொடங்கினர். வெ. சாமிநாத சர்மா எழுதி, ஆங்கில அரசின் தடைக்கு உள்ளான 'பாணபுரத்து வீரன்', 'தேசபக்தி' என்ற பெயரில் இவர்கள் மேடையேறியது. அக்காலத்து மேடையை அடக்கிவைத்த சட்டம் 1876ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிச் சட்டமாகும். கல்கத்தா மேடையின் துணிச்சலைக் கண்டு அஞ்சிய அரசு இயற்றிய அச்சட்டம், தமிழ் மேடையையும் பிணித்தது.

வங்கத்தோடு இன்னுமோர் உறவும் உண்டு. வங்க எழுத்தாளர் நிருபமா தேவியின் நாவலைத் தழுவி இக்குழு நடத்திய 'குமாஸ்தாவின் பெண்' பெரும் வெற்றி பெற்றது. வரதட்சிணைக் கொடுமையில் வாடும் ஏழைக் குடும்பத்தின் கதை தமிழ் வீட்டின் கதையாகவே ஏற்கப்பட்டது. வங்கப் பெண் ஒருத்தியின் எழுத்து, பெரும்பாலும் ஆண்களே நடித்த ஒரு தமிழ்க் குழுவின் வழியாக, நம் பெண்களைக் கண்ணீர் விடச் செய்தது என்பது நாடக வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

ஆண் உடலில் அவ்வை

1942இல் 'ஔவையார்' நாடகம் மேடையேறியது. முப்பது வயது இளைஞரான சண்முகம், கூன் விழுந்த மூதாட்டியாக வந்தார். அடைமொழி பெயரோடு ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு அவ்வேடம் மக்கள் உள்ளத்தில் பதிந்தது. சென்னை லாயிட்ஸ் சாலை பின்னர் அவ்வை சண்முகம் சாலை எனப் பெயர் மாற்றம் பெற்றது. சிறுவயதில் அக்குழுவில் பயின்ற கமல்ஹாசன், 1996இல் வந்த தம் படத்துக்கு 'அவ்வை சண்முகி' எனப் பெயரிட்டதும் அந்நினைவால்தான்.

பெண்வேடம் அன்று புதிதன்று. ஆனால் அதுவரை பெண்வேடத்தின் பெருமை இளமையிலும் அழகிலும் இனிய குரலிலும் இருந்தது. மகரக்கட்டு உடைந்தால் அப்பெருமையும் உடையும். அவ்வையின் வேடமோ அழகைத் துறந்த வேடம். அங்கே நிற்க வேண்டியது சொல் ஒன்றே. ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் மனப்பாடம் செய்த பிள்ளைகள், அச்சொற்களுக்குரிய உடலை முதன்முதலாக மேடையில் கண்டனர். பாட்டைப் பாடமாக அறிந்த சமுதாயத்துக்கு, பாட்டுக்குப் பின்னால் நடந்தும் பசித்தும் சினந்தும் வாழ்ந்த ஒரு புலவர் இருந்தார் என்பதை அவ்வேடம் காட்டிற்று.

ஒரு பெண்ணாக, இலக்கியம் கற்பிப்பவளாக, இங்கே ஒரு நெருடலையும் நான் பதிவு செய்தல் வேண்டும். தமிழின் தலைசிறந்த பெண்பாற் புலவரை மேடையில் காண ஓர் ஆணின் உடலே வாயிலாக அமைந்தது. நடிக்கத் தெரிந்த பெண்கள் இல்லாமையால் அன்று. ஸ்பெஷல் நாடக மேடையை ஆண்டுகொண்டிருந்தவர்களுள் கே. பி. சுந்தராம்பாளும் ஒருவர். 1953இல் ஜெமினியின் 'ஔவையார்' திரைப்படத்தில் அவர் அவ்வேடம் ஏற்றபோதுதான் அவ்வைக்குப் பெண்குரல் வாய்த்தது. சண்முகத்தின் அரிய சாதனையை இது குறைப்பதாகாது. ஒழுங்கைப் பேணிய கம்பெனி மேடை, பெண்களைப் பெரும்பாலும் வெளியே நிறுத்தியே அவ்வொழுங்கைப் பேணியது என்பதை நினைவூட்டுகிறது, அவ்வளவே.

வெண்திரையில்

சண்முகம் திரையை வெறுத்தவர் அல்லர். 1935இல் வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'மேனகா' நாவல், இராஜா சாண்டோ இயக்கத்தில், இக்குழுவினர் நடிக்கப் பேசும் படமாயிற்று. கலைவாணர் திரையில் முதன்முதலாகத் தோன்றிய படமும் அதுவே. 1941இல் 'குமாஸ்தாவின் பெண்' படமாயிற்று. 1948இல் 'பில்ஹணன்' வந்தது. அரசகுமாரிக்குப் பாடம் சொல்லச் சென்று காதலில் வீழ்ந்த கவிஞனாகச் சண்முகம் நடித்தார். 1951இல் அறிஞர் அண்ணாவின் 'ஓர் இரவு' படத்தில் நடித்தார். 1961இல் 'கப்பலோட்டிய தமிழன்' படத்தில் சுப்பிரமணிய சிவாவாகத் தோன்றினார். மேடையில் பயின்ற குரலின் வலிமையை அவ்வேடத்தில் இன்றும் கேட்கலாம்.

கவனித்தால் ஒன்று புலப்படும். முப்பதாண்டுகளுக்கு மேற்பட்ட திரைத் தொடர்பில் படங்கள் மிகச் சில. உடன் வளர்ந்தவர்கள் பலர் திரையில் நிலைத்துப் புகழும் பொருளும் ஈட்டினர். சண்முகம் ஒவ்வொரு முறையும் மேடைக்கே திரும்பினார். மேடையில் நடிகர் ஒரு சொல்லைத் தொடங்கினால் அதை முடித்தாக வேண்டும். அவையினர் அதைக் கேட்டே ஆக வேண்டும். திரையிலோ காட்சித் துண்டுகளாக வெட்டி ஒட்டும்போது சொல்லின் நீளத்தை முடிவு செய்பவர் வேறொருவர். உப்புக் கணக்கரிடம் பாடம் கேட்டவருக்கு, அளந்த சொல்லை அளந்தபடியே தருவதற்கு மேடையே ஏற்ற இடமாகத் தோன்றியிருத்தல் வேண்டும் என்பது என் துணிபு.

1944இல் ஈரோட்டில் நாடகக் கலை மாநாட்டைக் கூட்டியதும், அறுபதுகளிலும் குழுவைக் கலைக்காமல் நடத்தியதும், 'நாடகக் கலை', 'எனது நாடக வாழ்க்கை' போன்ற நூல்களை எழுதியதும் இத்துணிவின் விளைவுகளே. குறிப்பாக அவருடைய தன்வரலாறு, மறைந்துபோன கம்பெனி உலகின் ஊர்களையும் ஆட்களையும் வரவு செலவையும் காத்துத் தரும் ஆவணமாகும். 1971இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இருவர்: தமிழரும் வங்கரும்

சண்முகத்தின் நிலையை வங்க மேடையின் பெருநடிகரும் இயக்குநருமான சிசிர் குமார் பாதுரியின் (1889–1959) வாழ்வோடு ஒப்பிட்டால் தெளிவு பிறக்கும். கல்கத்தாவில் ஆங்கில விரிவுரையாளராக இருந்த பாதுரி, 1921இல் அவ்வேலையைத் துறந்து தொழில்முறை மேடைக்கு வந்தார். 1924இல் அவர் மேடையேற்றிய 'சீதா' வங்க நாடகத்தின் திருப்புமுனை எனப்படுகிறது. அதே நாடகத்தை 1933இல் படமாகவும் இயக்கினார். ஆயினும் அவர் மனமும் மேடையிலேயே நின்றது. 1942 முதல் 1956 வரை 'ஸ்ரீரங்கம்' அரங்கை நடத்திக் கடனில் இழந்தார். 1959இல் பத்மபூஷண் விருது தேடிவந்தபோது, விருது வேண்டாம், நாட்டுக்கு ஒரு நாடக அரங்கம் வேண்டும் என்ற கருத்தில் அதை மறுத்தார்.

இருவரும் திரையைத் தொட்டவர்கள். இருவரும் மேடைக்குத் திரும்பியவர்கள். வேறுபாடு அடித்தளத்தில் இருக்கிறது. பாதுரி கல்லூரியிலிருந்து மேடைக்கு வந்தார். சண்முகத்துக்கு மேடையே கல்லூரி. கல்கத்தாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே நிலையான அரங்குகள் இருந்தன. பார்ப்பவர் அரங்கைத் தேடிச் சென்றனர். தமிழ்க் கம்பெனியோ கொட்டகை போட்டு, படுதாவையும் பெட்டியையும் இரயிலேற்றி, பார்ப்பவரைத் தேடிச் சென்றது. அதனால் வங்க மேடைக்கு முகவரியும் விமரிசனமும் வாய்த்தன. தமிழ் மேடைக்குக் கிராமம் வரை எட்டும் செவிகள் வாய்த்தன. ஒன்றின் செல்வம் மற்றதன் வறுமையாக இருந்தது. வங்கம் தன் நடிகர்களைப் பற்றி நூல்கள் பல எழுதியது. நம் நடிகர் தம் வரலாற்றைத் தாமே எழுத வேண்டியிருந்தது.

நிறைவாக

அவ்வை சண்முகம் 1973 பிப்ரவரி 15ஆம் நாள் மறைந்தார். அடுத்த மாத இறுதியில், மார்ச் 31இல், 'ராஜராஜ சோழன்' திரைக்கு வந்தது. அரு. இராமநாதன் எழுத, 1955 முதல் இக்குழு மேடையில் நடத்திவந்த நாடகம் அது. குழுவில் பெண்வேடச் சிறுவனாக இருந்த ஏ. பி. நாகராஜன் அதை இயக்கினார். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் என்ற பெருமையும் அதற்கு உண்டு. திரை அகன்றது, அதற்குச் சொல்லைத் தந்த மேடை சுருங்கியது. அடுத்த ஆண்டில் அவரே 'குமாஸ்தாவின் மகள்' என அப்பழைய நாடகத்தையும் மீண்டும் படமாக்கினார்.

இங்ஙனம் நோக்கின், சொல் யாருக்கு உரியது என்ற வினாவுக்குச் சண்முகத்தின் விடை தெளிவாகிறது. எழுதியவர் தந்த சொல்லை நடிப்பவர் பிசகாமல் காத்து, கேட்பவரிடம் ஒப்படைக்க வேண்டும். அது இடையில் நிற்பவரின் உடைமையன்று. நடிகரை வைத்தே நாடகத்தையும் படத்தையும் மதிக்கப் பழகிய நமக்கு இவ்விடை உறைக்க வேண்டும்.

கவிஞர்களுக்கு இதில் ஒரு கடமையும் உண்டு. நம் கவிதைகள் பெரும்பாலும் கண்ணுக்காக எழுதப்படுகின்றன. அச்சில் தொடங்கி அச்சிலேயே முடிகின்றன. சுவாமிகளின் நாடக நூல்களோ உரக்கப் படித்தால் மட்டுமே உயிர்பெறும். ஆண்டுதோறும் நவம்பரில் நாடகக் கலைஞர்கள் கருவடிக்குப்பத்தில் கூடி அஞ்சலி செலுத்துகின்றனர். அந்நாளில் நம் வட்டத்தார் மலர் தூவி வணங்குவதோடு அமையாமல், சமாதியின் அருகிலமர்ந்து அவருடைய நாடகம் ஒன்றைத் தொடக்கம் முதல் இறுதி வரை வாய்விட்டுப் படிக்கலாம். ஸ்பெஷல் நாடகத்தில் வாழ்ந்த முதியவர்கள் இப்பகுதியில் இருப்பின், அவர்கள் நெஞ்சிலிருக்கும் பாடத்தை ஒலிப்பதிவு செய்து காலாப்பட்டுப் பள்ளிக்கு அளிக்கலாம். பெரும் பொருட்செலவில்லாத இப்பணியை, சமாதிக்கும் பள்ளிக்கும் நடுவில் இருக்கும் நாம் செய்யாவிடில் வேறு யார் செய்வார்?